வலியைச் சொல்ல முடியாதவர்கள்: அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் மறதிநோயும் தோல் நிறமும்

படுக்கைப்புண் வரப்போகிறதா என்று கண்டுபிடிக்க நர்சிங் பயிற்சியில் சொல்லித்தரும் பழைய சோதனை ஒன்று உண்டு. குதிகாலிலோ, இடுப்புக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கும் இடத்திலோ தோல் சிவந்திருந்தால், விரலால் சில விநாடி அழுத்திவிட்டு எடுக்க வேண்டும். வெளுத்துப்போய் மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. அழுத்தியும் சிவப்பு மாறாவிட்டால் முதல் நிலைப் புண் தொடங்கிவிட்டது. அன்றைக்கே அந்த இடத்தின் மேல் விழும் பாரத்தை நீக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கறுத்த தோலில் இந்தச் சோதனை கைகொடுக்காது. சிவப்பும் தெரியாது, வெளுப்பதும் தெரியாது. அங்கே பார்க்க வேண்டியவை வேறு. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கூடுதலாகக் கறுத்தோ ஊதா கலந்தோ இருக்கும். தொட்டால் சூடாகவோ சில்லென்றோ இருக்கும். அழுத்தினால் இறுகியிருக்கும், அல்லது கொழகொழவென்று உள்ளே போகும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் தோல் நீலம் பாரித்துத் தெரியும் என்பதால் ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புறங்கையால் தொட்டுச் சூட்டைப் பார்த்து, அடுத்த காலின் குதிகாலோடு ஒப்பிட வேண்டும். சில நிமிட வேலைதான். இதைப் பழக்காத இடத்தில், புண் கண்ணில் படும்போது தோல் கிழிந்து இரண்டாம் நிலையோ மூன்றாம் நிலையோ ஆகியிருக்கும்.

இதோடு மறதிநோயைச் சேர்த்துப் பாருங்கள். புத்தி தெளிவாக இருப்பவர், "இந்தப் பக்கம் வலிக்கிறது, கொஞ்சம் திருப்பிப் படுக்க வையுங்கள்" என்பார். மறதிநோய் முற்றியவர் சொல்ல மாட்டார். தானாகப் புரண்டு படுக்கவும் தோன்றாது. முனகுவார், அல்லது துணி மாற்ற வருபவரின் கையைத் தட்டிவிடுவார். அவருடைய உடம்பில் என்ன நடக்கிறது என்பது மற்றவர் கண்ணில் படுவதையும், மற்றவர் ஏட்டில் எழுதுவதையும் மட்டுமே நம்பியிருக்கிறது. இனப் பாகுபாடு இந்த நோயாளிகளிடம் இவ்வளவு ஆழமாக இறங்குவதற்குக் காரணம் இதுதான். பார்க்கிற கண்ணும் எழுதுகிற ஏடும் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் திருத்திச் சொல்ல நோயாளிக்கு வாய் இல்லை.

அமெரிக்காவில் சுமார் 15,000 பராமரிப்பு இல்லங்கள் இருக்கின்றன. அவற்றில் 12 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு மறதிநோய். முதிய கறுப்பின மக்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறக்குறைய 2 மடங்கு, லத்தீன் அமெரிக்க வழிவந்த ஹிஸ்பானியருக்கு ஒன்றரை மடங்கு என்பது அல்சைமர் சங்கத்தின் கணக்கு. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், பள்ளிப்படிப்புக்குக் கிடைத்த வாய்ப்பு, வாழ்ந்த சூழல் என்று இதற்குப் பல காரணங்கள். நோய் கண்டுபிடிக்கப்படுவதும் கறுப்பினத்தவரிடம் தாமதமாகத்தான். ஆகவே இல்லத்து வாசலுக்கு வரும்போதே நோய் முற்றியிருக்கிறது.

எந்த இல்லத்து வாசல் என்பதுதான் அடுத்த கேள்வி.

2004-இல் வின்சென்ட் மோர் தலைமையிலான ஆய்வாளர்கள் அமெரிக்க இல்லங்களை இரண்டு அடுக்காகப் பிரித்துக் காட்டினார்கள். இருப்பவர்களில் 85 சதவீதத்துக்கு மேல், ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிக்கெய்டை நம்பியிருக்கும் இல்லங்களே கீழடுக்கு. அங்கே கைக்காசு கட்டுபவர்கள் மிகக் குறைவு, நர்சுகள் குறைவு, சோதனையில் பிடிபடும் குறைகள் அதிகம். பராமரிப்பு இல்லங்களில் இருந்த கறுப்பினத்தவரில் 40 சதவீதம் பேர் இந்தக் கீழடுக்கில் இருந்தார்கள். வெள்ளையரில் 9 சதவீதம் பேர்தான். அந்தத் தரவுகள் 2000-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அந்த அமைப்பு பெரிதாக மாறிவிட்டதாக யாரும் காட்டவில்லை.

படுக்கைப்புண் கணக்கிலும் இது தெரிகிறது. புண் வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில், 2003-இல் கறுப்பினத்தவரில் 16.8 சதவீதம் பேருக்கும் வெள்ளையரில் 11.4 சதவீதம் பேருக்கும் புண் இருந்தது. 2008-இல் அது 14.6, 9.6 என்று இறங்கியது. இரு தரப்புக்கும் குறைந்தது, இடைவெளி ஏறக்குறைய அப்படியே நின்றது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: கறுப்பினத்தவர் மிக அதிகமாக இருக்கும் இல்லங்களில் வெள்ளையருக்கும் புண் அதிகம். அதாவது தோலைப் படிக்கத் தெரியாதது ஒரு பாதி, எந்தக் கட்டடத்தில் படுத்திருக்கிறார் என்பது மறுபாதி. கொரோனா காலத்திலும் இதையே பார்த்தோம். வெள்ளையரல்லாதவர் மிக அதிகமாக இருந்த இல்லங்களில் சாவு எண்ணிக்கை, வெள்ளையர் மிக அதிகமாக இருந்த இல்லங்களைப்போல 3.3 மடங்கு.

ஒருவர் அந்தக் கட்டடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறார்? பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்து. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோ நிமோனியாவிலோ சேர்த்திருப்பார்கள். டிஸ்சார்ஜ் தேதி வந்ததும் பக்கத்து இல்லங்களின் பட்டியலைக் குடும்பத்தாரிடம் கொடுப்பார்கள். ஓரிரு நாளில் முடிவு சொல்ல வேண்டும். குறைந்தது 3 நாள் உள்நோயாளியாக இருந்திருந்தால், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அதிகபட்சம் 100 நாள் வரை கொடுக்கும், அதிலும் முதல் 20 நாள்தான் முழுச் செலவு. மீதி நாள்களில் ஒரு பங்கு கைக்காசு, 100 நாளுக்குப் பிறகு எல்லாமே கைக்காசு. ஆண்டுக்கு 1 லட்சம் டாலரைத் தாண்டும் செலவு அது. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளைக் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பங்களுடையது 44,900 டாலர். வீட்டு மதிப்பையும் சேர்த்த தொகை இது. 44,900 டாலரை வைத்து ஒருவர் ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. பல மாநிலங்களில் கையிருப்பு 2,000 டாலருக்குக் கீழே இறங்கினால்தான் மெடிக்கெய்டு கைதூக்கும். மெடிக்கெய்டு கொடுக்கும் தினக்கட்டணம் குறைவு என்பதால் வசதியான இல்லங்கள் கைக்காசுக்காரரையே முதலில் எடுக்கும். மெடிக்கெய்டில் வருபவருக்கு அங்கே கட்டில் காலி இருக்காது. குடும்பத்தார் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருப்பதும் அதே ஏழைப் பேட்டையின் இல்லம்தான்.

இந்தப் பிரிவினைக்குச் சட்டத்தின் அனுமதி 1964-லேயே முடிந்துவிட்டது. 1966-இல் மெடிகேர் தொடங்கியபோது, இனம் பார்த்து வார்டு பிரித்தால் பணம் இல்லை என்று சொல்லி, ஆய்வாளர்களை நேரில் அனுப்பி, ஆஸ்பத்திரிகளைச் சில மாதங்களில் கலந்துவிட வைத்தது அரசு. பராமரிப்பு இல்லங்களிடம் அந்தக் கண்டிப்பைக் காட்டவில்லை. கையெழுத்திட்ட உறுதிமொழித் தாளோடு விட்டுவிட்டார்கள். அன்று விட்டதன் பலனை இன்றுவரை இந்த நோயாளிகள் சுமக்கிறார்கள். பிறகு, பணம் உள்ள வெள்ளையர் வசதியான உதவி-வாழ்விடங்களுக்கு (தனி வீடுபோல் இருந்துகொண்டு, தேவையான உதவியை மட்டும் பெறும் இடங்கள்) நகரத் தொடங்கினார்கள். 1999 முதல் 2008 வரை பராமரிப்பு இல்லங்களில் வெள்ளையர் எண்ணிக்கை 10.2 சதவீதம் குறைந்தது, கறுப்பினத்தவர் 10.8 சதவீதம் கூடினார்கள், ஹிஸ்பானியரும் ஆசியரும் 54 சதவீதத்துக்கு மேல் கூடினார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்த இல்லங்களில் உடம்பு துடைத்து, ஊட்டி, திருப்பிப் படுக்க வைக்கும் உதவியாளர்களில் கணிசமானோர் கறுப்பினப் பெண்கள், குடியேறி வந்தவர்கள். நோயாளியைக் கரிசனத்தோடு பார்ப்பவர்கள்தான். ஒருத்தி தலையில் 12 பேரைக் கட்டினால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வை என்ற விதி தாளில்தான் இருக்கும். வெறுப்பு எதுவும் இல்லாமலேயே நடக்கும் பாகுபாடு இது.

கட்டடத்தைத் தாண்டி ஏட்டுக்கு வருவோம்.

மறதிநோயாளி கத்துகிறார், அடிக்கிறார், இரவெல்லாம் நடக்கிறார் என்றால் முதலில் தேட வேண்டியது காரணத்தை. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, வலி, பசி, காதுக்கருவியின் பேட்டரி தீர்ந்துபோனது, பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லத் தெரியாதது. பத்தில் பல தடவை இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். தேட ஆள் இல்லாத இடத்தில், மனநோய்க்குக் கொடுக்கும் ஆன்டிசைக்காட்டிக் மாத்திரை வரும். மறதிநோயுள்ள முதியவர்களுக்கு இந்த மாத்திரைகள் சாவு அபாயத்தை 1.6 முதல் 1.7 மடங்காக்குகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005 ஏப்ரலிலேயே கட்டம் கட்டி எச்சரித்தது. 2012-இல் மெடிகேர் நிர்வாகம் இல்லங்களில் இந்த மாத்திரைகளைக் குறைக்க இயக்கம் தொடங்கியது. அப்போது நீண்டகாலம் தங்கியிருப்பவர்களில் 23.9 சதவீதம் பேர் இவற்றை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சில ஆண்டுகளில் அது 15 சதவீதத்துக்கு அருகில் இறங்கியது.

இறங்கியதில் ஒரு ஓட்டை இருந்தது. மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவருக்கு இந்த மாத்திரை தேவை என்பதால், அவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே ஏட்டில் "மனச்சிதைவு" என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டால், மாத்திரை தொடரும், இல்லத்தின் புள்ளிவிவரமும் அழகாக இருக்கும். மனச்சிதைவு பெரும்பாலும் இளமையில் தொடங்கும் நோய். 82 வயதில் புதிதாக வந்தது என்று எழுதினால் உடனே சந்தேகப்பட வேண்டும். 2021-இல் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் பார்த்தபோது, மனச்சிதைவு என்று இல்லங்கள் எழுதியிருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, அந்த நோய்க்குச் சிகிச்சை பெற்றதற்கான மெடிகேர் பில் ஒன்றுகூட இல்லை. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு இதன் நிறத்தையும் காட்டியது: 2012 இயக்கத்துக்குப் பிறகு, மறதிநோயுள்ள கறுப்பினத்தவருக்கு மனச்சிதைவு முத்திரை குத்தப்படுவது மற்றவர்களைவிட அதிகமாகக் கூடியிருந்தது. கறுப்பினத்தவர் குரலை உயர்த்தினால் மனநோய் என்று எழுதும் வழக்கம் அமெரிக்க மனநல மருத்துவத்தில் நெடுங்காலமாக இருப்பது. அது இங்கே புதுப் பயன் கண்டது. 2023 ஜனவரியில் மெடிகேர் நிர்வாகம் இந்த முத்திரைகளைத் தணிக்கை செய்யப்போவதாக அறிவித்தது. பொய்யாக எழுதியது தெரிந்தால் இல்லத்தின் தர மதிப்பீடு ஐந்தில் ஒரே ஒரு நட்சத்திரத்துக்கு இறங்கும்.

வலியும் இதே கதைதான். சொல்லத் தெரியாதவரின் வலியை அளக்க பெய்ன்ஏடி என்ற அளவுகோல் இருக்கிறது. மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தேற்றினால் தேறுகிறாரா என ஐந்தையும் 0, 1, 2 என்று மதிப்பிட்டுக் கூட்ட வேண்டும். மொத்தம் 10-க்கு, எண் கூடக்கூட வலி அதிகம். அசையாமல் படுத்திருக்கும்போது மட்டும் பார்த்தால் பூஜ்யம் வரும். குளிப்பாட்டும்போதும் திருப்பும்போதும் பார்க்க வேண்டும். கறுப்பினத்தவரின் வலி குறைத்து மதிப்பிடப்படுகிறது என்பது இல்லங்களுக்கு வெளியேயும் பலமுறை நிறுவப்பட்டது. கருவிகூடச் சாய்கிறது: விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியில் 92 முதல் 96 வரை காட்டியும் ரத்தத்தில் உண்மையில் 88-க்குக் கீழே இருந்த நேரங்கள், 2020 டிசம்பரில் வெளியான ஆய்வில், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். மூச்சு வாங்குகிறது என்று சொல்ல முடியாதவரிடம் மானியின் எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நோயின் கடைசிக் கட்டத்தில் விழுங்குவது நின்றுபோகும். அப்போது வயிற்றில் துளையிட்டு உணவு செலுத்தும் குழாய் வைப்பதா என்ற கேள்வி வரும். முற்றிய மறதிநோயில் இந்தக் குழாய் ஆயுளைக் கூட்டுவதில்லை, புரையேறி வரும் நிமோனியாவைத் தடுப்பதில்லை, படுக்கைப்புண்ணை ஆற்றுவதுமில்லை. குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிப்போடும் கொடுமை வேறு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. 2000-இல், முற்றிய மறதிநோயோடு உணவுக்கு முழுவதும் பிறரைச் சார்ந்த நிலைக்கு வந்த வெள்ளையரில் 8.6 சதவீதம் பேருக்குக் குழாய் வைத்தார்கள், கறுப்பினத்தவரில் 37.5 சதவீதம் பேருக்கு. 2014-இல் அது 3.1 சதவீதமாகவும் 17.5 சதவீதமாகவும் குறைந்தது. வழக்கம் மாறியது, ஆனால் 2014-இல் கறுப்பினத்தவர் நின்ற இடம் 2000-இல் வெள்ளையர் நின்ற இடத்தைப்போல இரண்டு மடங்கு.

"அவர்கள் குடும்பத்தார் எல்லாம் செய்யச் சொல்கிறார்கள்" என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது முழு உண்மை இல்லை. 14 இல்லங்களில் ஊழியர்களையும் குடும்பத்தாரையும் பேட்டி கண்ட அட்வான்ஸ் ஆய்வில், கறுப்பினக் குடும்பங்கள் கடைசிக்கட்ட முடிவுகள் பற்றிய பேச்சையே விரும்பமாட்டார்கள், தீவிர சிகிச்சையைத்தான் கேட்பார்கள் என்று ஊழியர்கள் முன்கூட்டியே முடிவுகட்டியிருந்தது தெரிந்தது. முடிவுகட்டியவர்கள் பேச்சையே எடுப்பதில்லை. பேசாத குடும்பம் ஆபத்து வேளையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. குழாய்கள் பெரும்பாலும் வைக்கப்படுவது அங்கேதான். குடும்பத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்கு மேகநோய் (சிபிலிஸ்) சிகிச்சையை மறைத்துவைத்து வேடிக்கை பார்த்த நாடு இது. "இனி எதுவும் செய்ய வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால், "எங்களுக்கு மட்டும் ஏன் வேண்டாம்?" என்று அவர்கள் கேட்பது இயல்பு.

ஆகவே பேச்சை ஆரம்பிக்கும் விதம் மாற வேண்டும். குழாய் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் வேண்டாம் என்பது பட்டினி போடுவதாகத்தான் காதில் விழும். கையால் ஊட்டுவதை ஒரு சிகிச்சையாக முன்வைக்க வேண்டும்: நிமிர்த்தி உட்காரவைத்து, அரை ஸ்பூன் அளவு, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்த பிறகே அடுத்த வாய், சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்காமல். பிடித்த உணவாக இருந்தால் இன்னும் இறங்கும். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அந்த முக்கால் மணி நேரத்துக்கு ஆள் இல்லாத இல்லத்துக்குக் குழாய் வசதியாக இருக்கிறது என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும்.

பெற்றோரை அமெரிக்காவுக்கு அழைத்துவந்து வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதில் சேதி உண்டு. கிரீன் கார்டு வாங்கி 5 ஆண்டுகள் ஆகாதவருக்குப் பொதுவாக மெடிக்கெய்டு கிடைக்காது. இல்லத்தில் சேர்ந்ததும் நினைவாற்றலைச் சோதிக்க மூன்று சொல்லைச் சொல்லித் திருப்பிக் கேட்பார்கள், ஆண்டு, மாதம், கிழமை கேட்பார்கள். 15-க்கு 7-ம் அதற்குக் கீழும் என்றால் கடுமையான பாதிப்பு. பின்னால் கற்ற மொழி மறதிநோயில் பெரும்பாலும் முதலில் நழுவும். ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை என்று எழுதிவிடுவார்கள். சேர்க்கைப் படிவத்தில் விருப்ப மொழி, மொழிபெயர்ப்பாளர் தேவையா என்ற கட்டங்கள் இருக்கின்றன. அவற்றை நிரப்பச் சொல்லுங்கள். அரசுப் பணம் வாங்கும் இல்லம் மொழிபெயர்ப்பாளருக்குத் தனிக் கட்டணம் கேட்க முடியாது.

இல்லம் தேடுபவர்கள், இல்லங்களை ஒப்பிட்டுக் காட்டும் மெடிகேரின் கேர் கம்பேர் தளத்தில் மொத்த நட்சத்திரத்தோடு நிறுத்திவிட வேண்டாம். சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுத்த ஊழியர் நேரக் கணக்கைப் பாருங்கள், முக்கியமாக சனி, ஞாயிறு கணக்கையும் ஆண்டுக்கு எத்தனை சதவீத ஊழியர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதையும். எந்த இல்லத்தில் எந்த இனத்தவர் எத்தனை சதவீதம் என்று அறிய, பிரவுன் பல்கலைக்கழகம் நடத்தும் எல்டிசி ஃபோகஸ் தரவுத்தளம் உதவும்.

சேர்த்த பிறகு, முதல் பராமரிப்புத் திட்டம் 48 மணி நேரத்துக்குள் தயாராக வேண்டும், முழு மதிப்பீடு 14 நாளுக்குள். திட்டக் கூட்டத்தில் குடும்பத்தார் உட்கார உரிமை உண்டு. வெறுமனே "தோல் பரிசோதனை" என்று எழுதினால் போதாது. "கறுத்த தோல், தொட்டுச் சூடும் இறுக்கமும் பார்க்கவும், குதிகால் இரண்டையும் ஒப்பிடவும், கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கிவைக்கவும்" என்று எழுதச் சொல்லுங்கள். ஏட்டைப் பார்க்கக் கேட்டால், விடுமுறை நாள் நீங்கலாக 24 மணி நேரத்தில் காட்ட வேண்டும். நகலை இரண்டு வேலைநாளில் தர வேண்டும். அதிலுள்ள மதிப்பீட்டுப் படிவத்தில் ஐ 6000 (I6000) என்ற வரியைத் தேடுங்கள். மனச்சிதைவு என்ற டிக் அங்கேதான் இருக்கும். இருந்தால், எந்த டாக்டர், எந்தத் தேதியில், எந்த அறிகுறிகளைப் பார்த்து எழுதினார் என்று எழுத்தில் கேளுங்கள். ஆன்டிசைக்காட்டிக் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால், முதல் ஆண்டில் இரண்டு வெவ்வேறு காலாண்டுகளில் அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. குறைக்கவில்லை என்றால் மருத்துவக் காரணம் ஏட்டில் இருக்க வேண்டும். "தேவைப்படும்போது" என்று எழுதிய ஆன்டிசைக்காட்டிக் சீட்டு 14 நாளோடு காலாவதி. டாக்டர் நேரில் பார்த்தால்தான் புதுப்பிக்க முடியும். பதில் வராவிட்டால் மாநிலத்தின் நீண்டகாலப் பராமரிப்பு ஆம்பட்ஸ்மேனிடம் (இல்லங்களில் இருப்பவர்களின் புகார்களைக் கவனிக்கும் அதிகாரி) போங்கள். இலவசம், இல்லத்துக்குள் வந்து நோயாளியைப் பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு, அவருடைய தொலைபேசி எண்ணை இல்லத்தின் பொதுச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.